கிட்டில் ஒரு கிளையைப் புஷ் செய்தால் மெயினும் சேர்ந்து போவது ஏன்?

வைகைக்கரை:
வணக்கம். மாட்டுத்தாவணி பூச்சந்தையின் கமிஷன் கடைகளுக்கான பில் மென்பொருளை நாங்கள் நால்வர், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் எழுதிவருகிறோம். அவரவர் வேலைக்குத் தனித்தனிக் கிளைகள் உண்டு; மெயின் என்பது எல்லோருக்கும் பொதுவான கிளை. நேற்று மாலை 'எடை-திருத்தம்' என்ற என் கிளையை ரீபேஸ் செய்துவிட்டு (மாற்றங்களை வேறோர் அடிப்படையின் மேல் மீண்டும் அடுக்கிவிட்டு), கிளையின் பெயரைக் குறிப்பிடாமல் சர்வருக்குக் கட்டாயமாக அனுப்பும் 'கிட் புஷ் -எஃப்' என்று மட்டும் கொடுத்தேன். திரையில் 'ஃபோர்ஸ்டு அப்டேட்' என்று இரண்டு வரிகள் வந்தன. ஒன்று என் கிளை, மற்றது மெயின். பத்து நாட்களாக நான் புதுப்பிக்காமல் வைத்திருந்த பழைய மெயின், சர்வரில் இருந்த புதியதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நண்பரின் கணினியில் புதிய பிரதி இருந்ததால் இரவுக்குள் மீட்டோம். நான் வைத்திருப்பது 2.43 பதிப்பு. நான் நிற்கும் கிளை மட்டும்தானே போக வேண்டும்?

கூடல்வாசி:
ஆம், அப்படித்தான் நடக்க வேண்டும். 2014இல் வந்த கிட் 2.0 முதல் கிளையின் பெயரைச் சொல்லாதபோது எதை அனுப்புவது என்று தீர்மானிக்கும் 'புஷ்.டிஃபால்ட்' அமைப்பின் இயல்பு மதிப்பு 'சிம்பிள்', அதாவது நிற்கும் கிளை மட்டும். அதற்கு முன்பு 'மேட்சிங்' இருந்தது. இரு பக்கமும் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளையும் அது அனுப்பிவிடும். '-எஃப்' சேர்க்காமல் இருந்திருந்தால் உங்கள் பழைய மெயினைச் சர்வர் ஏற்க மறுத்திருக்கும். யாரோ எழுதிவைத்த 'மேட்சிங்' உங்கள் கணினியில் இன்னும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். 'கிட் கன்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட் புஷ்.டிஃபால்ட்' என்று கொடுத்தால், அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் காட்டும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி ஐயா. முன்பு வேலை பார்த்த இடத்தில் மூத்தவர் ஒருவர் கொடுத்த கன்ஃபிக் கோப்பை அப்படியே பிரதி எடுத்திருந்தேன், அதில்தான் இருந்தது. 'சிம்பிள்' என்று மாற்றிவிட்டேன். ஆனால் இப்போது புதிய கிளையைப் புஷ் செய்யும்போதெல்லாம் அப்ஸ்ட்ரீம் கிளை (சர்வரில் அதற்கு இணையாகப் பதிந்துவைத்த கிளை) இல்லை என்று நின்றுவிடுகிறது. 'கரண்ட்' என்று வைத்துக்கொள்ளலாமா?

திருமங்கலத்தான்:
வேண்டாம் தம்பி. 'கரண்ட்' கிளையை அனுப்பும், ஆனால் அப்ஸ்ட்ரீமைப் பதிந்துவைக்காது. அடுத்து, சர்வரிலிருந்து மாற்றங்களை எடுத்துச் சேர்க்கும் 'கிட் புல்' கொடுக்கும்போது எங்கிருந்து எடுப்பது என்று கேட்டு நிற்கும். 'சிம்பிள்' இருக்கட்டும், அதோடு 'புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். 2022இல் வந்த 2.37 பதிப்பு முதல் இது உண்டு. முதல் புஷ்ஷிலேயே தொடர்பும் பதிவாகிவிடும்.

இன்னொன்று, '-எஃப்' என்பதற்குப் பதில் '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' என்று பழகுங்கள். வேறொருவர் சேர்த்த கமிட் (பதிந்த மாற்றம்) சர்வரில் இருந்தால் அது நின்றுவிடும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நீங்கள் புஷ்ஷுக்கு முன் ஃபெட்ச் மட்டும் செய்துவிட்டு (சர்வரின் மாற்றங்களைப் பெற்றுவிட்டு) மெயினை மெர்ஜ் செய்யாமல் (அவற்றை அதில் சேர்க்காமல்) விட்டிருந்தால், சர்வரின் நிலை தெரிந்தே அனுப்புகிறீர்கள் என்று கிட் எடுத்துக்கொள்ளும். 'மேட்சிங்' இருக்கும் கணினியில் பழைய மெயின் அப்போதும் போய்விடும். எனவே மெயின் கிளைக்குச் சர்வரிலேயே பாதுகாப்பு வையுங்கள். மற்ற மூவரும் தங்கள் கணினிகளில் கூடல்வாசி சொன்ன கட்டளையை இன்றே ஓட்டிப் பார்க்கட்டும். அந்தக் கன்ஃபிக் கோப்பை நீங்கள் யாருக்காவது கொடுத்திருக்கவும் கூடும்.