பற்றரியில் இயங்கும் ட்றில், கிறைண்டருக்கு மலிவு விலைப் பற்றரி வாங்கலாமா?

மாங்குளம் மரவேலை:
வணக்கம். நான் கதவு, யன்னல், கூரை வேலைகள் செய்பவன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ளுக்குக் கட்டப்படும் வீடுகளில் மின்னிணைப்புக் கிடைக்கும் முன்பே கூரை ஏற்ற வேண்டியிருப்பதால், 18 வோல்ட் ட்றில்லையும் கிறைண்டரையும் நம்பியே என் வேலை நடக்கிறது. கருவிகளோடு வந்த 5.0 அம்பியர் மணிக் கொள்ளளவுள்ள பற்றரிகள் இரண்டும் நான்கு வருடத்தில் தளர்ந்துவிட்டன. அதே கொம்பனிப் பற்றரியின் விலையைக் கேட்டுத் திகைத்துப்போய், அதன் மூன்றிலொரு பங்கு விலைக்கு, 6.0 என்று அச்சிட்ட வேறொரு பற்றரியை வாங்கினேன்.

இரண்டு மாதம் ஆகிறது. பனஞ்சிலாகையில் தகரத்துக்கு ஆணி முடுக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் முதிரை நிலையில் 10 மில்லிமீற்றர் துளை போட்டால் ட்றில் திணறுகிறது. கிறைண்டரில் இரும்புக் குழாய் வெட்டினால் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கழற்றிப் பொத்தானை அழுத்தினால் நான்கு விளக்கும் எரிகின்றன, பற்றரியோ கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கிறது. எனக்கு வாய்த்தது மட்டும் பழுதா, அல்லது இவ்வகைப் பற்றரிகள் எல்லாமே இப்படித்தானா?

கிளிநொச்சி மோட்டார் திருத்துநர்:
அந்த நான்கு விளக்குகளை நம்ப வேண்டாம். பற்றரி ஓய்ந்திருக்கும்போது உள்ள வோல்ட் அளவைத்தான் அவை காட்டுகின்றன. சுமை ஏறும்போது அது எவ்வளவு விழுகிறது என்பதை அவை சொல்வதில்லை.

18 வோல்ட் பற்றரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயன் செல்கள் ஐந்து தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டை எட்டுவதால் மொத்தம் 21 வரும். டிவால்ட் கொம்பனி '20 வோல்ட் மாக்ஸ்' என்று எழுதுவதும் இதே ஐந்து செல்களைத்தான். தொடராக இணைத்தால் வோல்ட்தான் கூடும், அம்பியர் மணி கூடாது; அதனால் கொள்ளளவு கூடிய பற்றரியில் இரண்டிரண்டாகப் பக்கத்துக்குப் பக்கம் இணைத்துப் பத்துச் செல்கள் போடுவார்கள். வழக்கமான 18650 செல், பெயரிலேயே உள்ளபடி 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அதில் வழக்கமாகக் கிடைக்கும் உயர்ந்த ரகம்கூட 3.5 அம்பியர் மணி அளவில்தான் நிற்கிறது. ஆகவே அத்தகைய ஐந்து செல்களை மட்டும் வைத்துவிட்டு மேலே 6.0 என்று ஒட்டினால், அந்த எண் வெறும் ஒட்டுத்தாள்தான்.

இனி வெப்பத்துக்கு வருவோம். கிறைண்டர் 700 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 18 வோல்ட்டில் அது ஏறத்தாழ 39 அம்பியர். பத்துச் செல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 அம்பியருக்குச் சற்றுக் குறைவாகப் பங்கு வரும்; கருவிகளுக்கென்று செய்யப்படும் நல்ல செல்கள் அதைத் தாங்கும். ஐந்தே செல் என்றால் ஒவ்வொன்றும் 39 அம்பியரையும் தனியாகச் சுமக்க வேண்டும், அதுவும் மடிக்கணினிக்குச் செய்த, 5 முதல் 10 அம்பியர் வரை கொடுக்கக்கூடிய ரகமாக இருந்தால் உங்கள் கையைச் சுட்டதில் வியப்பில்லை. மின்னோட்டம் இரட்டித்தால் செல்லுக்குள் இருக்கும் மின்தடையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். தகரத்துக்கு ஆணி முடுக்கும்போது குறை தெரியாததற்கும் இதுவே காரணம்: அந்த வேலைக்கு மின்னோட்டம் சிறிது, அதுவும் விட்டுவிட்டுத்தான்.

திறந்து பார்க்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். 18650 செல் ஒன்று 45 முதல் 48 கிராம் வரை இருக்கும். பத்துச் செல் உள்ள பற்றரி பெட்டியோடு சேர்த்து 600 கிராமைத் தாண்ட வேண்டும். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

நான் திறந்து பார்த்த மலிவுப் பற்றரிகள் சிலவற்றில், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கும் இணைப்புக் கம்பிகளே இருக்கவில்லை. ஒன்றில் வெப்பமறியும் உறுப்புக்குப் பதிலாகச் சாதாரண மின்தடை ஒன்றைப் பற்றவைத்து, எப்போதும் குளிர்ச்சியாக இருப்பதாகச் சாஜருக்குப் பொய் சொல்ல வைத்திருந்தார்கள். செல்கள் சமனில்லாமல் போனால் ஒன்று மட்டும் 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறும்; தீப்பிடிப்பது பெரும்பாலும் அப்படியான இடத்தில்தான். அதனால் இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். மரச் சீவலும் தூளும் கிடக்கும் பட்டறை மேசையில் அல்லாமல் வெறும் சீமெந்து நிலத்தில் வையுங்கள். வெயிலில் வேலை முடித்த சூட்டோடு சார்ஜில் போடுவதும் கூடாது. பொதுவாக 40 பாகை செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்யலாம், நம் ஊர்த் தகரக் கொட்டிலுக்குள் சித்திரை மாதத்தில் அது சர்வசாதாரணம்.

தர்மபுரம்:
முன்னவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தன் சொந்தப் பெயரைப் போட்டு, 'இந்தக் கருவிக்குப் பொருந்தும்' என்று எழுதிய பற்றரி ஒன்றை ட்றில்லுக்கும் இரவு விளக்குக்கும் இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன், குறையில்லை. புகழ்பெற்ற கொம்பனியின் பெயரையே திருடி ஒட்டியதுதான் மோசம், ஏனெனில் பெயரிலேயே பொய் சொன்னவன் உள்ளே உண்மை சொல்வான் என்று எதிர்பார்க்க இடமில்லை. கையில் காசு குறைவென்றால், பொய்யான 6.0 ஒன்றை விட அசல் 3.0 ஒன்றை வாங்குவது நல்லது.

ஒரு கொம்பனிப் பற்றரியை இன்னொரு கொம்பனிக் கருவியில் மாட்டும் அடப்டரிலும் கவனம் தேவை. சார்ஜ் தீரும் நேரத்தில் நிறுத்தும் வேலையைச் சில வகைகளில் பற்றரி செய்கிறது, சிலவற்றில் கருவி செய்கிறது. மாற்றி மாட்டும்போது இரண்டுமே செய்யாமல் போய், செல்கள் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுவிடலாம். பழுதான பற்றரியை வளவுக் குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் வேண்டாம், வெடித்துச் சிதறும்.

மாங்குளம் மரவேலை:
இருவருக்கும் நன்றி. இன்று காலை சந்திக் கடையில் இரண்டையும் நிறுத்தேன். பழைய அசல் பற்றரி 628 கிராம், புதியது 392. கிலோ என்ன விலை என்று கடைக்கார அண்ணை கேட்டதற்குத்தான் எனக்குப் பதில் இருக்கவில்லை. கிறைண்டருக்கு அசல் ஒன்றை வாங்கப் பணம் சேர்க்கிறேன். அதுவரை, என்னோடு வேலை செய்யும் தம்பிமார் அவசரத்தில் மாற்றி மாட்டாதபடி, இந்தப் பற்றரியின் முதுகில் சிவப்புப் பெயின்ற்றால் 'ட்றில் மட்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.