வகுப்பில் செல்போன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பைக்குள் போன் அதிர்ந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021 செப்டம்பரில் பள்ளி திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒன்றரை வருஷமாக "போனில் பாடம் அனுப்பியிருக்கிறேன், பார்" என்று நாங்களே சொல்லிப் பழக்கிய பிள்ளைகள். வகுப்புக்குள் கால் வைத்ததும் அதே போன் குற்றமாகிவிட்டது.

போனை வாங்கி, அணைத்து, ஹெச்.எம். அறை பீரோவில் வைப்பது எங்கள் வழக்கம். பெற்றோர் வந்து எழுதிக் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். நானும் அப்படியே செய்தேன். "டீச்சர், ஆஃப் மட்டும் பண்ணாதீங்க" என்று பையன் கெஞ்சினான். ஏதோ கேம் விஷயம் என்று நினைத்து அணைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் அப்பா வந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அவர் தூங்கும்போது பையன் எடுத்து வந்திருக்கிறான். வீட்டில் இருந்ததே அந்த ஒரு டச் போன்தான். லோடு வந்தால் மேஸ்திரி அதில்தான் கூப்பிடுவார். பையனோ பயந்துபோய், எங்கேயோ தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டான். இரண்டு ராத்திரி அவருக்கு வேலை இல்லை. "தப்பு அவன் மேலதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்காகப் பிள்ளைகள் வகுப்புக்குப் போன் கொண்டு வரட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதே வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போது திக்கினாள். யாரோ பெஞ்சுக்கடியிலிருந்து வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. நான்கு நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தேன். வந்தாள், ஆனால் அந்த வருஷம் முழுக்க வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள்.

கவனம் சிதறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். பல நாடுகளின் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பிசா ஆய்வில், 2022-இல், சில கணக்கு வகுப்புகளிலாவது மின்னணுச் சாதனங்களால் கவனம் சிதறுவதாக ஓ.இ.சி.டி. நாடுகளின் (பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பு) மாணவர்களில் சராசரியாக 65 விழுக்காட்டினர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்தக் கேமராதான். வகுப்பு என்பது பிள்ளைகள் தப்பாகப் படிக்கிற இடம், தடுமாறுகிற இடம். முப்பது பைக்குள் கேமரா இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்?

என் மேசை மேல் இருக்கும் போன் வேறு. 2018 முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது, அதை நான் ஸ்கேன் செய்து காட்டுவேன். இன்னொன்றும் செய்வேன். போனை மல்லாத்தி வைத்து, செல்ஃபி கேமரா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது குவிலென்ஸ் ஆகிவிடும். அதற்கு மேலே செம்பருத்தியின் மகரந்தத்தைக் காட்டினால் திரையில் மணி மணியாகத் தெரியும். ஆறு ஆறு பேராக வந்து பார்ப்பார்கள். யார் போனை வாங்கிப் பீரோவில் வைத்தேனோ, அந்தப் பையன்தான் முதலில் சொட்டு விட்டான், கை நடுங்காமல்.

இப்போது பிள்ளைகளிடமிருந்து நான் வாங்கி வைக்கிற போனை அணைப்பதில்லை. "யாருடைய போன்?" என்று முதலில் கேட்கிறேன். வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால் அன்று சாயங்காலமே பையன் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவையோ அம்மாவையோ நேரில் போய்ப் பார்த்துவிடுவேன்.

ஒரு அம்மா, திருப்பூர்

டீச்சர், நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். மகள் எட்டாவது. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ஒரு நாள் இரண்டாவது பஸ் வரவில்லை. இருட்டும் வரை ஸ்டாப்பிலேயே நின்றிருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரரின் போனில் என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்கே ஒரு பட்டன் போன் வாங்கிவிட்டேன்.

பள்ளியில் சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. காலையில் ஆபீசில் கொடுத்தால் ஒரு டோக்கன் தருகிறார்கள், கடைசி மணி அடித்ததும் வாங்கிக்கொள்கிறாள். 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும் இதே மாதிரிதான்: முழுத் தடை சரிப்படாது, முடிந்த இடத்தில் போனைப் பள்ளியே வாங்கிப் பத்திரமாக வைக்கட்டும், வகுப்பில் எடுக்கக் கூடாது. பேப்பரில் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் நீங்கள் சொன்ன அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கேட்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறாள்?

அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பக்கத்து ஊரில் மேல்நிலை முடித்துவிட்டு நர்சிங் படிக்கிறாள் அம்மா. பொங்கலுக்கு வந்து பார்த்தாள், நன்றாகப் பேசினாள். அந்த வீடியோவைப் பற்றி நான் கேட்கவில்லை.

டோக்கன் ஏற்பாடு எங்கள் பள்ளியில் இல்லை. போனை எதில் வைக்கிறார்கள், தொலைந்தால் யார் பொறுப்பு என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எடுத்து வைக்கிறேன்.