அல்ட்ராமேன் தகரப் பெட்டிகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜப்பானிய டிவி நாயகன் அல்ட்ராமேனின் தொடர்கள் வரும் ஸ்டீல்புக், அதாவது டிஸ்க் வைக்கும் தகரப் பெட்டி, வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் எல்லோரும் அலமாரிப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். பெட்டி எப்படிக் கைக்கு வந்தது, திறந்து பார்த்தபோது என்ன கண்ணில் பட்டது, எதில் மனம் நிறைந்தது, எது உறுத்தியது என்று கொஞ்சம் எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். 2019 ஜூலையில் மில் கிரீக் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் பழைய தொடர்களை வரிசையாக ப்ளூரேயில் கொண்டுவரப் போகிறது என்ற அறிவிப்பு வந்தபோது முதலில் நம்பவே முடியவில்லை. ஏன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ஜப்பானுக்கு வெளியே இந்தத் தொடர்களின் உரிமை யாருக்கு என்பதில் அவற்றைத் தயாரித்த சுபுராயா நிறுவனத்துக்கும் தாய்லாந்துத் தரப்புக்கும் பல ஆண்டுகளாக வழக்கு. 1976ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு ஒப்பந்தத் தாள்தான் அத்தனைக்கும் காரணம். 2017 நவம்பரில் கலிபோர்னியா நீதிமன்றத்தில் ஜூரிகள் சுபுராயா பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. 2019 அக்டோபரிலேயே அல்ட்ரா க்யூ, அல்ட்ராமேன் இரண்டும் வந்தன, டிசம்பரில் அதற்கடுத்த தொடரான அல்ட்ராசெவன். சாதாரணப் பெட்டி ஒன்று, ஸ்டீல்புக் ஒன்று என்று ஒவ்வொன்றும் இரண்டு விதம்.

நான் முதலில் பிரித்தது அல்ட்ரா க்யூ. 1966 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கறுப்பு வெள்ளைத் தொடர், 28 பாகம், அல்ட்ராமேனே இல்லாத அல்ட்ரா தொடர். நிறுவனத்தைத் தொடங்கிய எய்ஜி சுபுராயா டிவிக்காக 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார் என்பதால் ப்ளூரேயில் படம் அப்படித் தெளிவாக இருக்கிறது. ஆனால் நான் முதலில் டிஸ்கைப் போடவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீல்புக்கில் படம் தாளில் இல்லை, நேராகத் தகரத்தின் மேலேயே அச்சாகியிருக்கும். மை மெல்லியதாக விழுந்த இடத்தில் உலோகத்தின் பளபளப்பு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் சாம்பல் நிறம் வெள்ளியாக மாறும். கறுப்பு வெள்ளைத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது என்பது என் கருத்து. உள்ளே ஒரு சிறு புத்தகமும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள், டிஸ்குக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

பின்பக்கம் பார்கோடு போட்ட தாள் பசைப் புள்ளிகளால் ஒட்டியிருக்கும், அதை வெடுக்கென்று இழுக்காதீர்கள். தலைமுடி காயவைக்கும் டிரையரைத் தூரத்தில் பிடித்து லேசாகச் சூடு காட்டினால் பசை இளகி, விரலால் உருட்டியே எடுத்துவிடலாம். தாளைத் தூக்கிப் போடாமல் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள். பாகங்களின் விவரம், ஒலி விவரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சரி, அடுத்தவர் வாங்க.

* * *

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன் அண்ணே. மலேசியாவில் அல்ட்ராமேனைத் தெரியாத பிள்ளை கிடையாது. மலாய் குரலோடு டிவியில் பார்த்து வளர்ந்த கூட்டம் நாங்கள். உபின் இபின் கார்ட்டூனிலேயே அல்ட்ராமேன் ரிபுட் வந்து நிற்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பெட்டி, அட்டை என்று எதுவும் கண்ணில் பட்டதில்லை. டிவியில் வரும்போது பார்ப்பது, அவ்வளவுதான். அதனால் முழுத் தொடரும் ஒரே பெட்டியில் கைக்கு வந்த நாளில் என் அப்பாவுக்கும் எனக்கும் யார் முதலில் பிரிப்பது என்று வாக்குவாதமே நடந்தது. கடைசியில் அப்பாதான் பிரித்தார்.

அனுபவம் என்று கேட்டதால் கசப்பானதையும் சொல்கிறேன். அல்ட்ராமேன் பெட்டியை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். குமிழித்தாள்கூடச் சுற்றாமல் ஒரு மெல்லிய உறையில் போட்டு அனுப்பிவிட்டார். கீழ்மூலை நசுங்கி, மூடி சரியாகப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் பெட்டி என்றால் கவலையே இல்லை, புதுப் பெட்டி வாங்கி அட்டைத் தாளை அதில் செருகிவிடலாம். தகரத்தில் அது நடக்காது. படமும் பெட்டியும் ஒன்றே, ஒடுங்கினால் ஒடுங்கியதுதான். பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதே பெட்டி நல்ல நிலையில் திரும்பக் கிடைக்க ரொம்பக் காலம் பிடித்தது. இப்போதெல்லாம் வாங்குமுன், அட்டைப்பெட்டியில் வைத்து நாலு பக்கமும் அடைத்து அனுப்ப முடியுமா என்று எழுதிக் கேட்டுவிடுகிறேன். முடியாது என்றால் வேறு ஆள்.

அப்புறம் எங்கள் ஊர் ஈரக்காற்று. தகரம் மடிந்து வரும் விளிம்பில் பூச்சு மெல்லிசு, துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்டால் கீறல் விழாது, ஆனால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். நான் உறையை முழுக்க மூடாமல் ஒரு பக்கம் திறந்தே வைக்கிறேன், அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுகிறேன். இதுவரை துரு இல்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா எல்லாம் ப்ளூரே கணக்கில் ஏ மண்டலம், நீங்கள் சி மண்டலம். பெட்டியின் பின்னால் ஏ மட்டும் போட்டிருந்தால் உங்கள் ஊரில் வாங்கிய பிளேயர் அந்த டிஸ்கை ஏற்காமல் போகலாம். பெட்டியின் அழகைப் பார்த்துப் பணத்தைப் போடுமுன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

* * *

டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். பெட்டி தேடிப் போகிறவர்களுக்கு நகானோ பிராட்வே கட்டடம்தான் கோயில். மாடி மாடியாகப் பழைய பொம்மை, புத்தகம், அந்தக் காலத்துப் பெரிய பட டிஸ்கான லேசர்டிஸ்க். லேசர்டிஸ்க் உறைகள் பழைய இசைத்தட்டு அளவு என்பதால் அட்டை ஓவியம் முழுசாகக் கண்ணுக்குள் வந்து விழும். அந்த அளவில் ரெட் கிங் என்ற அரக்கனைப் பார்த்துவிட்டு ப்ளூரே பெட்டியைப் பார்த்தால் கை நிறையவில்லை என்றே தோன்றும். இங்கே உறையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும், ஓபி என்பார்கள். அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து கேட்டார், கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து, ஓபியில் ஓரமாக இருந்த ஒரு சின்னக் கிழிசலை விரலால் தொட்டுக் காட்டி, இது இருக்கிறது, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் விலையையே சொன்னார். எனக்கு அந்த இடத்தில் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நான் எந்த அல்ட்ராமேன் பெட்டியை எடுத்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பேன். 1966 ஜூலையிலிருந்து 1967 ஏப்ரல் வரை ஓடிய 39 பாகங்களில் முகமூடி மூன்று விதம். முதல் 13 பாகங்களில் வருவது ஏ வகை. வாய் அசைய வேண்டும் என்று ரப்பரில் செய்தார்கள், அதனால் வாயைச் சுற்றிச் சுருக்கம் விழுந்திருக்கும், ஒரு வயதான சாமியார் முகம் போல. 14இலிருந்து 29 வரை பி, 30இலிருந்து கடைசி வரை சி. இவை இரண்டும் கெட்டியான முகம், வழவழப்பு. நிறைய அட்டைகளில் வழவழப்பான முகத்தைத்தான் போடுகிறார்கள், அழகாக விழும் என்பதால். எனக்கோ ஏ முகம்தான் உயிர். தோரு நரிதா வரைந்த வடிவத்துக்குள், உடையணிந்து நடித்த பின் ஃபுருயா என்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது அந்தச் சுருக்கத்தில்தான் தெரிகிறது. சுருக்கத்தை மழுங்கடிக்காமல் அச்சிட்ட அட்டை கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிவிடுவேன்.

நரிதா முதலில் வரைந்ததில் மார்பில், சக்தி குறையும்போது மினுக்கும் அந்தக் கலர் டைமர் விளக்கே கிடையாது, அவருக்கு அது பிடிக்கவும் இல்லை. 2022இல் வந்த ஷின் அல்ட்ராமேன் படத்தில் விளக்கை எடுத்துவிட்டார்கள். டைமர் இல்லாத அட்டை ஓவியம் ஏதாவது உங்களிடம் இருந்தால் படம் போடுங்களேன்.

* * *

நான் டொராண்டோ. தம்பிமார் எல்லோரும் அல்ட்ராமேனையே சொல்கிறீர்கள், என் கையில் இருப்பது அல்ட்ராசெவன். 1967 அக்டோபரிலிருந்து 1968 செப்டம்பர் வரை 49 பாகம். பெட்டியில் முழுத் தொடர் என்று போட்டிருக்கிறது, உள்ளே 48தான். 11க்கு அடுத்தது 13.

முதல் தடவை பார்த்தபோது டிஸ்கில்தான் கோளாறோ என்று நினைத்தேன். பிறகு தேடிப் படித்தேன். 12ஆம் பாகத்தை எடுத்தவர் அகியோ ஜிஸ்ஸோஜி. ஒளிபரப்பானபோது பிரச்சினை எழவில்லை. 1970இல் ஒரு சிறுவர் இதழோடு வந்த அரக்கர் அட்டைகளில், அந்தப் பாகத்து வேற்றுக்கிரகவாசியை அணுகுண்டு வீச்சில் பாதிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லால் அழைத்திருந்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்கள் உயிரோடு இருக்கிற நாட்டில் அது எவ்வளவு கொடிய சொல். எதிர்ப்பு வந்தது, இதழ் மன்னிப்புக் கேட்டது, சுபுராயா அந்தப் பாகத்தை விலக்கிக்கொண்டது. அன்றிலிருந்து எந்தப் பெட்டியிலும் அது இல்லை.

காயப்பட்டவர்கள் கேட்டு விலக்கிய ஒன்றை, சேகரிப்பவர் ஆசைக்காக வெளியிடு என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் வெளி அட்டையிலேயே, 12ஆம் பாகம் இதில் இல்லை, காரணம் இது என்று ஒரு வரி போடலாமே. தகரத்தில் புடைப்பு எழுத்துப் போட முடிகிறவர்களுக்கு அந்த ஒரு வரி பாரமில்லை. இந்தத் தொடரை மகனோடு உட்கார்ந்து பார்த்தபோது, ஏன் 13 என்று அவன் கேட்டான். அவனுக்கு ஹிரோஷிமாவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

* * *

மறுபடியும் நான்தான், நியூ ஜெர்சி. டொராண்டோ அக்கா சொன்னதை நான் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன், என் அல்ட்ராசெவன் பெட்டிக்குள் அப்படி ஒரு தாளை நானே எழுதி வைக்கப் போகிறேன்.

கிள்ளான் தம்பி, சிலிக்கா ஜெல் எந்த அளவுப் பொட்டலம், எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள். இங்கே கோடையில் என் அடித்தள அறையும் ஈரம்தான். டோக்கியோக்காரர் கேட்ட டைமர் இல்லாத ஓவியம் என்னிடம் இல்லை, வைத்திருப்பவர்கள் கீழே போடுங்கள். அப்படியே ஏ முகம் உள்ள அட்டைகளையும் போடுங்கள், வாய்ப் பகுதியை நெருக்கமாக எடுத்து.