கூகுள் திறக்கிறது, வங்கித் தளம் திறப்பதில்லை: புதிய ரவுட்டர் மாட்டியதிலிருந்து இந்தச் சிக்கல்

நெல்லூர்பேட்டைத் தறிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். கங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுநாள் மாலை பெய்த இடிமழையில் கடையின் ரவுட்டர் எரிந்துபோனது. இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் அனுப்பிய ஆள் வேறொரு ரவுட்டரைப் பொருத்தி, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் இட்டுவிட்டுச் சென்றார்.

அன்றுமுதல் கடைக் கணினியில் கூகுள் தேடல் நொடியில் திறக்கிறது. யூடியூபும் தடையின்றி ஓடுகிறது. ஆனால் வங்கியின் தளம், வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் தளம், நூல் வியாபாரி ஒருவரின் தளம் என நான் அன்றாடம் பயன்படுத்தும் எதுவும் திறப்பதில்லை. உலாவியின் கீழ்மூலையில் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திக்கொண்டிருப்பதாக ஒரு வரி தெரிய, வெள்ளைத் திரை அப்படியே நின்று, நெடுநேரம் கழித்து நேரம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வருகிறது. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இதே நிலைதான். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் அதே கணினியை இணைத்தால் எல்லாத் தளங்களும் திறக்கின்றன.

பழுது பார்ப்பவர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும் என்கிறார். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக்கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டிய நேரத்தில், கணக்குகள் முழுவதும் உள்ள கணினியை அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. வேறு வழி இருந்தால் தெரிவிக்கக் கோருகிறேன்.

காட்பாடிவாசி:

வணக்கம் ஐயா. இத்தகைய புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வேலை சரிவர நடக்காவிட்டால் சில தளங்கள் திறந்து சில திறக்காமல் போகும். கணினியின் பிணைய அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று இட்டுப் பாருங்கள். உலாவியின் தற்காலிகச் சேமிப்பையும் ஒருமுறை அழித்துவிடுங்கள்.

நெல்லூர்பேட்டைத் தறிக்காரர்:

இரண்டையும் செய்தேன் ஐயா. மாற்றம் எதுவும் இல்லை.

ராணிப்பேட்டை பிணையப் பணியாளர்:

இது டிஎன்எஸ் சிக்கலாகத் தோன்றவில்லை. பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் உலாவி பெரும்பாலும் சில நொடிகளிலேயே அதைச் சொல்லிவிடும். உங்கள் உலாவியோ முகவரியைக் கண்டு, சேவையகத்தைத் தொட்டு, பாதுகாப்பு உடன்பாட்டின் நடுவில் நிற்கிறது. அந்த இடத்தில்தான் சேவையகம் தான் யார் என்று காட்டும் சான்றிதழை அனுப்புகிறது. இணையத்தில் எதுவும் பொதி எனப்படும் சிறு கட்டுகளாகவே செல்லும். சில ஆயிரம் பைட் அளவுள்ள சான்றிதழ் ஒரே பொதியில் அடங்காது. முழு அளவுப் பொதிகளாகப் புறப்படும். சிறிய பொதிகள் வந்து சேர்ந்து, முழு அளவுப் பொதிகள் மட்டும் வழியில் மறைந்தால் நீங்கள் விவரித்தது அப்படியே நிகழும். ஆகவே விண்டோஸின் மீது பழி போட வேண்டாம். எனக்கு ஐயம் ரவுட்டரின் எம்டியு அளவின் மீதுதான். ஒரு பொதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற உச்ச வரம்பே எம்டியு.

ஈதர்நெட்டில் ஒரு பொதியின் உச்ச அளவு 1500 பைட். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணையும் ஃபைபர் இணைப்புகள் பெரும்பாலும் பிபிபிஓஇ முறையில் இயங்குபவை. அம்முறை ஒவ்வொரு பொதியிலும் தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்வதால் நமக்கு எஞ்சுவது 1492. வாசல் அந்த அளவுக்குக் குறுகியிருக்க, உங்கள் ரவுட்டர் 1500 என்று சொல்லிக்கொண்டிருந்தால், எதிர்முனைச் சேவையகம் அதை நம்பிப் பெரிய கட்டாகவே அனுப்பும். கட்டு நுழையாதபோது இடையில் உள்ள கருவி 'சிறிதாக்கி அனுப்பு' என்று ஐசிஎம்பி செய்தி (பிணையக் கருவிகள் சிக்கல்களைத் தெரிவிக்கும் செய்தி) ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கும் சேவையகங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. (இந்தப் பழக்கத்தால் நான் இழந்த தூக்கம் கொஞ்சநஞ்சமல்ல.) கூகுளும் யூடியூபும் தப்பிப்பதற்குக் காரணம், குரோம் போன்ற உலாவிகள் அவற்றோடு க்விக் என்ற வேறொரு நெறிமுறையில் பேசுவதும், அதன் பொதிகள் பொதுவாகச் சற்றுச் சிறியவையாக இருப்பதுமே.

ஊகத்தைச் சோதித்துவிடலாம். கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையை 1.1.1.1 என்ற முகவரிக்கு இடுங்கள். அதோடு பொதியைத் துண்டாக்காதே என்பதற்கான எஃப் (-f) விருப்பத்தையும், அளவைக் குறிக்கும் எல் (-l) விருப்பத்தில் முதலில் 1472, பிறகு 1464 என்ற எண்களையும் சேருங்கள். தலைப்புப் பகுதிகள் 28 பைட் கூடும் என்பதால் அவை முறையே 1500, 1492 அளவுப் பொதிகளாகும்.

நெல்லூர்பேட்டைத் தறிக்காரர்:

1472க்கு நான்கு முறையும் பதில் இல்லை, நேரம் கடந்துவிட்டது என்றே வருகிறது. 1464க்கு நான்கு முறையும் பதில் வந்தது. ஆர்வத்தில் 1465 இட்டுப் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

ஆம்பூர்க்காரர்:

அப்படியானால் விண்டோஸிலேயே எம்டியுவை 1492 ஆக மாற்றிவிடலாமே? ரவுட்டரைத் தொடத் தேவையில்லை.

ராணிப்பேட்டை பிணையப் பணியாளர்:

மாற்றலாம், அந்த ஒரு கணினிக்கு மட்டும் தீரும். அதே வைஃபையில் உள்ள கைபேசிகளும் மற்றக் கருவிகளும் இப்படியே தவிக்கும். எனவே ரவுட்டரிலேயே திருத்துவது நல்லது.

தறிக்காரர் ஐயா, நீங்கள் 1465 இட்டுப் பார்த்தது மிக நல்ல காரியம். எல்லை 1492தான் என்பது அதில் உறுதியாகிவிட்டது. ரவுட்டரின் பின்புறம் ஒட்டியுள்ள முகவரியை உலாவியில் இட்டு உள்ளே சென்றால், வெளி இணைய இணைப்புக்கான வான் (WAN) என்ற பிரிவில் பிபிபிஓஇ விவரங்களுக்கு அருகே எம்டியு கட்டம் இருக்கும். அங்கே 1500 என்று இருந்தால் 1492 ஆக்குங்கள். எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பெரிய பொதிகளை அனுப்பாதபடி எதிர்முனைக்கு ரவுட்டரே வரம்பு சொல்வது) என்ற தேர்வு இருந்தால் அதையும் இயக்குங்கள். எண் கேட்டால் 1452. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் தொட்டுவிடாதீர்கள். சேமித்தபின் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

நெல்லூர்பேட்டைத் தறிக்காரர்:

நீங்கள் சொன்னபடியே கட்டத்தில் 1500 என்றுதான் இருந்தது. மாற்றி, அணைத்துப் போட்டவுடன் வங்கித் தளம் முதலில் திறந்தது, பிறகு மற்றவையும் திறந்தன. கணக்கையும் சற்று முன்னர் தாக்கல் செய்துவிட்டேன். என் மகன் தன் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு நான்கு நாளாகத் தன் டேட்டாவையே செலவழித்து வந்தான் என்பது இப்போதுதான் தெரியவந்தது. கேட்டால், வைஃபை 'ஸ்லோ' என்று நினைத்தானாம்.

ராணிப்பேட்டை பிணையப் பணியாளர்:

மகிழ்ச்சி. ரவுட்டரின் ரீசெட் பொத்தானை யாரேனும் அழுத்தினால் பழைய 1500 திரும்பி வரக்கூடும் என்பதால், 1492 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி அதன் மீதே ஒட்டி வையுங்கள்.