சின்னஞ்சிறு கிளியே: பைரவியும் ராகமாலிகையும்

கேள்வி:
பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடலைத் தாலாட்டாகவே கேட்டு வளர்ந்தவன் நான். அண்மையில் அவருடைய கண்ணன் பாட்டை நூலாகப் படித்தபோது, ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்ற தலைப்பின் கீழே, பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்றும், ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்றும் இருப்பதைக் கண்டு வியந்தேன். நாம் அறிந்ததோ காபி ராகத்தில் தொடங்கி, பல ராகங்கள் அடுத்தடுத்து வரும் ராகமாலிகை. மெட்டு மாறியதால் பொருளும் மாறிவிட்டதா?

மறுமொழி 1:
அந்த ராகமாலிகை, 1951இல் வெளிவந்த ‘மணமகள்’ படத்துக்காக சி. ஆர். சுப்பராமன் அமைத்தது; எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். பொருள் மாறிவிட்டது என்றே நான் கருதுகிறேன். ராகம் மாறிக்கொண்டே போவதால், குழந்தை ஓடி வருவதும் முகம் சிவப்பதும் கண்ணீர் வடிப்பதும் தனித்தனிக் காட்சிகளாகி, பெற்ற மனம் உருகுவது மட்டுமே நம் காதில் நிற்கிறது. ஆனால் ‘என்னைக் கலி தீர்த்தே’ என்று தொடங்கி, ‘கள்வெறி’, ‘உன்மத்தம்’ என்று வளரும் சொற்கள், தெய்வத்தின் முன் தம்மை மறந்த அடியாரின் சொற்கள் அல்லவா?

மறுமொழி 2:
முந்தைய கருத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கண்ணனைப் பிள்ளையாக்கி யசோதையின் வாயால் பாடிய பெரியாழ்வார் காலத்திலிருந்தே, குழந்தை எவ்வளவுக்கு வீட்டுக் குழந்தையாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குப் பக்தியும் ஆழமாகிறது. ‘உன்கண்ணில் நீர்வழிந்தால் என்னெஞ்சில் உதிரங் கொட்டுதடீ’ என்னும்போது, காக்க வேண்டிய தெய்வத்தைக் காக்கத் துடிப்பவர் பக்தரே. மேலும், பாரதியே சில ஸ்வர வரிசைகளை மாதிரியாகத் தந்து, மனோபாவத்துக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்று அனுமதித்திருக்கிறார்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், ‘அன்பு தருவதிலே உனைநேர் ஆகுமோர் தெய்வமுண்டோ’ என்ற அடியை எப்படிக் கொள்வது?

மறுமொழி 1:
தந்தை சொன்னால் அது செல்ல மிகை. பராசக்தியிடமே சொன்னால் அது வெறும் உண்மை. இரண்டையும் ஒரே அடியில் வைத்திருப்பதுதான் பாரதியின் திறம். என் ஆசிரியர் சில கண்ணிகளைப் பைரவியிலேயே கற்பித்தார். ‘உள்ளங் குளிருதடீ’ என்பதும் ‘உதிரங் கொட்டுதடீ’ என்பதும் ஒரே ராகத்தில் வந்தபோது, மகிழ்ச்சியும் வலியும் ஒரே அன்பின் இரு மூச்சுகளாகக் கேட்டன. ஒருமுறை அப்படிப் பாடிப் பாருங்கள்.