80 லீற்றர் பவளத் தொட்டிக்குப் பொருத்தமான மீன்கள் எவை?

கடல்நீலம் (கோண்டாவில்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டடி நீளமான கடல்நீர்த் தொட்டியொன்றை அமைத்திருக்கிறேன். பாறையும் மணலும் போக ஏறத்தாழ 80 லீற்றர் நீர் கொள்ளும். மீன்களுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பரிசோதனையில் பூச்சியத்துக்கு வந்துவிட்டன. மென்பவளங்கள் சிலவும் நன்றாக விரிகின்றன. ஒரு சோடிக் கோமாளி மீன், ஒரு நீல டாங், ஒரு மாண்டரின் ஆகியவற்றை விட விரும்புகிறேன். கடையில் பார்த்த டாங் சுண்டுவிரல் அளவே இருந்தது. இவை ஒன்றாக வாழுமா?

வடகரை (பருத்தித்துறை):

தம்பி, கோமாளி மீன்களை வாங்குங்கள். மற்ற இரண்டையும் தயவுசெய்து வாங்க வேண்டாம். நீல டாங் வளர்ந்தால் 30 சென்ரிமீற்றர் வரை வரும். பாறை நெடுகிலும் ஓயாமல் நீந்தித் திரியும் மீன் அது. இரண்டடிக் கண்ணாடிக்குள் அடைபட்டால் மிரண்டு, வெகு விரைவில் வெண்புள்ளி நோய்க்கு ஆளாகும். அந்நோய்க்குப் பயன்படும் செம்பு மருந்தைப் பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் ஊற்றவே முடியாது என்பதால், மீனைக் காப்பாற்றும் வழியும் உங்கள் கையில் இராது.

மாண்டரினின் கதை இதைவிடத் துயரமானது. பாறை இடுக்குகளில் வாழும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்ணிய ஓட்டுயிர்களைப் பகல் முழுவதும் கொத்தித் தின்பதே அதன் வாழ்க்கை. சிறு தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துபோகும். உலர் தீனியை அது பெரும்பாலும் தொடாது. நிறம் சற்றும் மங்காமல் இருக்கும்போதே வயிறு ஒட்டி உட்குழிந்து வருவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

கோமாளி மீனிலும் இனத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கடலில் வாழும் கிளார்க் இனம் 15 சென்ரிமீற்றர் வரை வளரும். முரட்டுக் குணமும் உண்டு. தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட ஒசெலாரிஸ் இனமே உங்களுக்கு ஏற்றது. ஒன்று சிறிதும் மற்றது சற்றுப் பெரிதுமாக இரண்டு இளம் மீன்களை எடுத்தால், பெரியது பெண்ணாக மாறி அவை தாமாகவே சோடி சேரும். கடலில் அவை அண்டி வாழும் கடற்சாமந்தி இல்லாமலும் அவை நலமாக வாழும்.

தீவகன் (வேலணை):

வடகரை ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். மாண்டரினின் இடத்துக்கு மஞ்சள் கோபி மீனையும் அதனோடு ஒரு சொடுக்கு இறாலையும் பரிந்துரைக்கிறேன். பார்வை குறைந்த அந்த இறால் புல்டோசர் போல மணலைத் தள்ளித் தள்ளி வளை தோண்ட, கோபி வாசலிலே காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் உணர்கொம்பு ஒன்று மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலை அசைக்க, இரண்டும் உள்ளே மறைந்துவிடும். சிறு தொட்டியில் இதைவிட அழகான காட்சி எதுவும் இல்லை என்பேன்.

நீந்தும் மீனொன்றும் வேண்டுமானால் நெருப்பு மீன் ஒன்றைச் சேர்க்கலாம். சாதுவானது, ஆனால் துள்ளி வெளியே விழும். தொட்டியின் மேல் நுண்வலை கட்டாயம். கண்ணாடி மூடி வேண்டாம். எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் நீரைக் குளிர்விக்க மின்விசிறிக் காற்று மேற்பரப்பில் பட வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்ஓ நீரை (சவ்வு வழியே வடித்துச் சுத்திகரித்த நன்னீரை) மட்டும் விடுங்கள், உப்பு ஆவியாவதில்லை. கிணற்று நீர் வேண்டாம், தோட்ட நிலங்களை அண்டிய எங்கள் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம்.

கடல்நீலம்:

இருவருக்கும் மிக்க நன்றி. டாங்கையும் மாண்டரினையும் விட்டுவிடுகிறேன். கோமாளிச் சோடி, கோபி, நெருப்பு மீன் என்ற நான்கோடு நிறுத்திக்கொள்வேன். எதை முதலில் விடுவது?

வடகரை:

நெருப்பு மீன் முதலில், பிறகு இறாலும் கோபியும், கோமாளிகள் கடைசியில். கோமாளிகள் ஓரிடத்தைத் தமதாக்கிக்கொண்டால் பின்னர் வருபவற்றைத் துரத்தும். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில வாரங்கள் விடுங்கள், அமோனியாவை மீண்டும் பாருங்கள். இறாலை விடுவதற்கு முன் பாறைகள் மணலின் மேல் நிற்கின்றனவா, அடிக் கண்ணாடியின் மேல் நிற்கின்றனவா என்று பாருங்கள். மணலின் மேலென்றால் தூக்கி, கண்ணாடியிலேயே ஊன்றி வைத்துப் பின் மணலை அணையுங்கள். இல்லாவிட்டால் இறால் அடியில் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து வளைக்குள் இருக்கும் இரண்டையும் நசுக்கிவிடும்.