ஃபார்மேட் போட்டபிறகும் திரும்பி வந்த டிசி-கள்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பழைய டெஸ்க்டாப்பை விற்க நினைத்தார். "எல்லாத்தையும் அழிச்சாச்சு தம்பி. டி டிரைவுக்கு ஃபார்மேட்டும் போட்டாச்சு. குடுத்துடலாமா?" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அவரிடம் கேட்டுக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். மகள் கல்யாணப் படங்கள், பான் கார்டு, ஆதார் நகல் என்று வரிசையாக வந்தன. பின்னாலேயே மாணவர்களின் டிசி ஸ்கேன்களும் வந்தன. சார் தன் பான் கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. "பிள்ளைங்க விவரம் வெளியே போயிருக்குமேப்பா" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

'குவிக் ஃபார்மேட்' கோப்புகளின் பட்டியலை மட்டும்தான் புதிதாக்கும். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை பழைய தகவல் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். இது வெளிநாட்டிலும் நடப்பதுதான். அமெரிக்காவில் கார்ஃபிங்கல், ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் கட்டுரை எழுதினார்கள். வேலை செய்த 129-இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12.

முதலில் வேண்டியதை எல்லாம் வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்தோம். பிறகு விண்டோஸ் 10-இன் 'ரீசெட்' வசதியில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, பழைய தகவலின் மேலே எழுதி டிரைவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் இயக்கினோம். அங்கே 'எல்லா டிரைவ்களும்' என்பதைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் மட்டும்தான் துடைக்கப்படும். நம் வீடுகளில் படங்கள் இருப்பதோ பெரும்பாலும் டி-யில். சாயங்காலம் தொடங்கிவைத்தது காலையில்தான் முடிந்திருந்தது. மறுபடி ஃபோட்டோரெக் ஓட்டியதில் சாருடையது ஒன்றுகூட வரவில்லை.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் இப்படி மேலெழுதுவதை மட்டும் நம்பாதீர்கள். அதற்குள் நமக்கு எட்டாத உபரி இடம் உண்டு; பழைய தகவல் அங்கே தங்கிவிடலாம். தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளில் 'செக்யூர் எரேஸ்' (டிஸ்க்கை முழுதாக அழிக்கும் வசதி) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தேவையான குறியீடு) பற்றியும் சார் கவலைப்பட்டார். விண்டோஸ் 8 காலம் முதல் கம்பெனி விண்டோஸோடு வந்த கணினிகளில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இதுவும் அப்படிப்பட்டதுதான். வாங்க வந்த கல்லூரி மாணவி நெட் இணைத்ததும் அதுவாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது.